எசமான் குரல்: ஓர் இசைத்தட்டுத் தாபனத்தின் ஆண்டுகள்

தாபனங்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் ஆண்டுகளை நிரல்பட வைத்தலே வரலாறாகும் எனக் கருதிவிடுகின்றனர். "ஹிஸ் மாஸ்டர்ஸ் வாய்ஸ்" என்னும் இலச்சினையால் உலகெங்கும் அறியப்பட்ட கிராமபோன் கம்பனியின் வரலாறும் பலகாலும் இவ்வாறே எழுதப்பட்டு வந்துள்ளது. 1898இல் இலண்டனிற் கம்பனி தோன்றியது. 1907இல் ஹேய்ஸ் என்னுமிடத்தில், பாடகி நெல்லி மெல்பாவின் கையால், தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 1921இல் ஒக்ஸ்போர்ட் வீதியிற் கடை திறக்கப்பட்டது. 1931இல் கொலம்பியாக் கம்பனியுடன் இணைந்து ஈ. எம். ஐ. ஆயிற்று, 1955இல் அமெரிக்காவின் கப்பிற்றல் கம்பனியை வாங்கிற்று, 1979இல் தோர்ண் கம்பனியுடன் சேர்ந்தது. அடிக்கல்லும் கடைத்திறப்பும் பங்குமாற்றமும் நிரம்பிய இந்நிரலைப் படிப்பவன், இக்கம்பனி விற்றது இசையையோ இரும்பையோ என ஐயுறுதலுங் கூடும்.

இவை கணக்கரின் ஆண்டுகள். பொய்யல்ல, ஆயினும் போதா. ஓர் இசைத்தட்டுத் தாபனம் செய்தது யாது என ஆராயப் புகும் திறனாய்வாளன் வினவ வேண்டிய வினா வேறு. எந்த ஆண்டிற் பாடுவோனின் பாட்டு மாறியது? எந்த ஆண்டிற் கேட்போனின் செவி மாறியது? இவ்வினாக்களைக் கையிற் கொண்டு அந்நிரலை மீண்டும் நோக்கின், பெரிதாகத் தோன்றிய ஆண்டுகள் சில சிறுத்துப் போதலையும், யாரும் பொருட்படுத்தாத ஆண்டுகள் சில மேலெழுதலையும் காணலாம்.

ஒலியைக் காத்தல் எத்துணை அருமையான செயல் என்பதைத் தமிழர்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. திருமுறைகண்ட புராணம் கூறுஞ் செய்தி யாவரும் அறிந்ததே. தில்லையிற் செல்லரித்துக் கிடந்த ஏடுகளிலிருந்து தேவாரத்தின் சொற்கள் கிடைத்தன. பண் கிடைத்திலது. அதனைப் பெறுதற்குத் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணைத் தேடிச் செல்ல வேண்டியதாயிற்று. சொல்லை ஓலை காத்தது. இசையை ஒருத்தியின் மிடறு காத்தது. அம்மிடறு இல்லையேல் இசை இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிவரை உலகின் எல்லா இசைக்கும் இதுவே நிலை. ஐரோப்பியர் தம் இசையைக் குறியீட்டில் எழுதி வைத்தனர் எனினும், பாடியவனின் குரல் அவனோடு சாம்பராயிற்று.

எடிசன் 1877இல் ஒலியை உருளையிற் பதித்துக் காட்டினார். எனினும் இசைத்தட்டு வணிகத்தின் தொடக்கம் 1887ஆம் ஆண்டே எனல் வேண்டும். அவ்வாண்டில் எமில் பேர்லினர் தட்டையான தட்டிற் பதியும் முறைக்கு உரிமை பெற்றார். (உ. வே. சாமிநாதையர் சீவகசிந்தாமணியை அச்சேற்றியதும் அதே ஆண்டில் என்பது தற்செயலான ஒற்றுமையாயினும் நினைந்து மகிழத்தக்கது.) தொடக்க காலத்து உருளை, ஏட்டுச்சுவடி போன்றது, பிரதிகளைப் பெருக்குதல் அரிது. தட்டோ அச்செழுத்துப் போன்றது. ஒரு மூலவார்ப்பிலிருந்து ஆயிரக்கணக்கான பிரதிகளை அழுத்தி எடுக்கலாம். இவ்வேறுபாட்டின் வாணிகப் பொருளை உணர்ந்தவரே 1898இல் இலண்டன் மெய்டன் லேனிற் கடைவிரித்தனர். பதிவு செய்யும் வித்தையறிந்த இளைஞர் பிரெட் கைஸ்பேர்க் அவ்வாண்டே அமெரிக்காவிலிருந்து வந்து சேர்ந்தார். தட்டுகளை அழுத்தும் ஆலை ஜேர்மனியின் ஹனோவர் நகரில் அமைந்தது.

நாயின் கதையைப் பலர் பலவாறு கூறுவர். சுருக்கம் இதுதான். பிரான்சிஸ் பரோட் என்னும் ஓவியர், தம் தமையன் வளர்த்த நிப்பர் என்னும் நாய் இறந்த பின்னர், அது ஒலிக்கருவியின் முன் அமர்ந்து செவிசாய்க்கும் படத்தை வரைந்தார். அவர் வரைந்த கருவி எடிசன் வகை உருளைக் கருவியே. 1899இற் பித்தளைப் புனல் ஒன்றை இரவல் கேட்டு அவர் கம்பனிக்குச் சென்றபோது, கருவியை மாற்றிக் கிராமபோனை வரைந்து தந்தால் வாங்குவதாக முகாமையாளர் வில்லியம் பரி ஓவன் கூறினார். ஓவியத்திற்கு ஐம்பது பவுண், உரிமைக்கு ஐம்பது பவுண். பழைய கருவியின் சாயல் புதிய வண்ணத்தின் அடியில் இன்றுந் தென்படும் என்பர். 1909 முதல் அப்படம் தட்டின் நடுவேயும் இடம்பெற்றது. கம்பனியின் பெயர் ஒருபோதும் அதுவாக இருந்ததில்லை. மக்களே படத்தைக் கண்டு பெயரிட்டனர். தமிழ்நாட்டில் "நாய் மார்க்" என்றால் குழந்தைக்கும் விளங்கிற்று. இங்குக் கருதத்தக்கது ஒன்றுண்டு. தனக்கு முன்னிருந்த கருவியின் மேல் வண்ணம் பூசித் தன்னை வரைந்து கொண்ட இத்தாபனம், படத்திற் போற்றியது பாடுவோனை அன்று, கேட்போனை. எசமான் படத்தில் இல்லை. அவனது குரல் மட்டுமே புனலின் உள்ளே இருப்பதாக நாம் நம்பிக்கொள்கிறோம்.

1902ஆம் ஆண்டிற்கு வருவோம். இத்தாபனத்தின் வரலாற்றில் அதனினும் பெரிய ஆண்டு வேறில்லை. ஏப்பிரல் 11இல் மிலான் நகரத்து விடுதியறை ஒன்றில் கைஸ்பேர்க், என்ரிக்கோ கரூசோ என்னும் இளம் பாடகரைப் பத்துப் பாட்டுகள் பாடவைத்துப் பதிவு செய்தார். கரூசோ கேட்டது நூறு பவுண். அத்தொகை மிகையென இலண்டன் மறுத்துத் தந்தியனுப்பியதாகவும், கைஸ்பேர்க் அதனைப் பொருட்படுத்தாது தம் பொறுப்பிற் பதிவு செய்ததாகவும் அவரே பின்னர் கூறியுள்ளார். கிராமபோன் விளையாட்டுப் பொருள் என எண்ணியிருந்தோர் அத்தட்டுகளைக் கேட்டு எண்ணம் மாறினர். மேனாட்டு ஆசிரியர் அனைவரும் இந்த ஏப்பிரலை மறவாது எழுதுவர்.

அதே ஆண்டின் நவம்பரை அவர்களுட் சிலரே எழுதினர். மிலானிலிருந்த அதே கைஸ்பேர்க், ஆண்டிறுதியிற் கல்கத்தாவில் இருந்தார். விடுதியறையே பதிவுக்கூடமாயிற்று. தமக்கு மொழி தெரியாத, இலக்கணந் தெரியாத, நல்லது தீயது பகுத்தறியவும் இயலாத ஓர் இசையின் முன் அவர் புனலை நிறுத்தினார். ஆறு வாரங்களுக்குள் ஐந்நூற்றுக்கு மேற்பட்ட பதிவுகள் நிறைவேறின. கௌஹர் ஜான் பாடினார். பாட்டு முடிந்ததும் தம் பெயரை ஆங்கிலத்தில் உரத்துக் கூறினார். தற்பெருமை என நினைப்பார்க்கு விடை எளிது. மெழுகுத் தட்டு ஹனோவருக்குப் போக வேண்டும்; அங்குள்ள தொழிலாளிக்கு இது யார் பாடிய பாட்டு என்று தெரிய வேண்டும்; அதற்காகவே அவ்வறிவிப்பு. பதிவேட்டிற்காகச் சொல்லப்பட்ட அச்சொல், பாட்டினுள் நிலைபெற்றுவிட்டது. இன்று அத்தட்டைக் கேட்போர் பலர் பாட்டை மறப்பினும் அக்குரல் தன் பெயர் கூறும் துணிவை மறப்பதில்லை.

இப்பயணத்தில் மற்றுமொரு வட்டத்தையுங் காணலாம். தட்டு செய்வதற்கு வேண்டிய அவலரக்கு இந்தியக் காடுகளில் ஒரு பூச்சியினம் மரக்கிளைகளிற் சுரந்து வைப்பது. அரக்குக் கப்பலேறி ஐரோப்பா சென்றது. குரலுங் கப்பலேறி ஐரோப்பா சென்றது. இரண்டும் ஹனோவரில் ஒன்றாய் அழுத்தப்பட்டுத் தட்டாகி, விலை ஏறி, மீண்டும் இந்தியாவிற்கே விற்பனைக்கு வந்தன. பருத்தி சென்று துணியாய் மீண்ட கதையின் வேறொரு படி இது. 1908இற் கல்கத்தாவின் சியால்தாவில் ஆலை நிறுவப்பட்ட பின்னரே இவ்வலைச்சல் நின்றது. 1928இல் டம்டம் என்னுமிடத்துக்கு ஆலை பெயர்ந்தது. தென்னிந்திய இசைத்தட்டுகளிலும் "டம்டம்" என்னும் ஊர்ப்பெயரைப் படித்து வளர்ந்த தலைமுறை ஒன்றுண்டு.

பாடியோர் யார்? வடக்கே தவாயிப் மரபினர், தெற்கே தேவதாசி மரபினர். பெரும்பாலும் பெண்கள். சேலம் கோதாவரி, கோயம்புத்தூர் தாயி, பெங்களூர் நாகரத்தினம்மாள் ஆகியோரின் குரல்கள் இருபதாம் நூற்றாண்டின் முதற் பகுதியிலேயே தட்டேறின. ஆடவர் வித்துவான்கள் தயங்கினர். புனலிற் பாடினாற் குரல் வற்றும் என்ற அச்சம் ஒருபுறம். கண்டவர் கடையிற் காசு கொடுத்து வாங்கும் பொருளாகத் தம் வித்தை ஆகிவிடும் என்ற மானம் மறுபுறம். பூச்சி ஸ்ரீநிவாச ஐயங்கார் போன்ற சிலரே அத்தயக்கத்தைக் கடந்தனர். இழப்பதற்கு மானம் என ஊரார் ஒப்புக்கொண்ட ஒன்றும் இல்லாதிருந்த பெண்களே முதலில் வந்தனர் என்பது கசப்பான உண்மை. தேவாரப் பண்ணைக் காத்தவளும் பெண். சுருள்வரையில் முதலிற் பாடிவைத்தவளும் பெண். பிற்காலத்து இசை வரலாறுகள் வித்துவான்களின் சிஷ்ய பரம்பரையையே வரலாறாக எழுதின. நாகரத்தினம்மாளின் பெயர் திருவையாற்றுத் தியாகராஜர் சமாதிப் பணியால் நிலைத்தது. கோதாவரியின் பெயரைத் தட்டுச் சேகரிப்போரேயன்றி மற்றையோர் அறியார்.

இவர்தம் தட்டுகள் எவ்வளவு தூரம் சென்றன என்பதற்கு ஒரு சான்று போதும். மோரிஸ் டெலாஜ் என்னும் பிரெஞ்சு இசையாக்குநர் 1911-12இல் இந்தியாவிற் பயணஞ் செய்தார். கோயம்புத்தூர் தாயியின் பாட்டு அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. "ராகமாலிகா" என்னும் பியானோ உருப்படியை அவர் தாயியின் தட்டை அடியொற்றியே அமைத்தார். "நான்கு இந்தியக் கவிதைகள்" என்னுந் தொகுதியில், வயலின் இனத்துப் பெருங்கருவியாகிய செலோவை விரலால் மீட்டி நரம்பை இழுத்து வழுக்கவிடும் பகுதி, இம்தாத் கானின் இசைத்தட்டிலிருந்து கற்றது என்பர். ஒரு கமகம் தமிழ்நாட்டிலிருந்து பாரிசு நகரத்து மேடைக்கு ஏட்டின் வழியாகச் செல்லவில்லை. எழுதிய குறியீட்டின் வழியாகவுஞ் செல்லவில்லை. அரக்குத் தட்டின் வழியாகச் சென்றது. எழுத்தில் அடங்காத ஒன்று பயணஞ் செய்யக்கூடிய பொருளாயிற்று. கம்பனியின் ஆண்டறிக்கையில் இதற்கு இடமிருக்க நியாயமில்லை. இசையின் ஆண்டறிக்கையிலோ இஃது அடிக்கல் நாட்டு விழாவினும் பெரிது.

இனி, இசைத்தட்டின்மேல் வழிவழியாகச் சாட்டப்படும் குற்றத்தை ஆராய வேண்டும். பத்தங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடமே ஓடும். பன்னிரண்டங்குலத் தட்டு நான்கரை நிமிடம் வரை. ஒரு ராகத்தை ஒரு மணிநேரம் விரிக்கும் மரபினை மூன்று நிமிடத்தில் அடைத்தது கொலையன்றோ என்பது குற்றச்சாட்டு. அதற்கு மறுப்பாக, சுருக்கத்தில் திட்பம் உண்டு என்பர் சிலர். ஏழு சீரிற் குறள் உலகளக்கவில்லையா என்பர்.

இம்மறுப்பு செவிக்கு இனிதேயாயினும் அரைகுறையானது. குறள்வெண்பாவின் அளவைத் தெரிந்தெடுத்தவர் புலவர். மூன்று நிமிடத்தைத் தெரிந்தெடுத்தது தட்டின் விட்டமும் சுழற்சி வேகமும். யாப்பு உள்ளிருந்து வருவது. இவ்வெல்லை வெளியிலிருந்து வந்தது. ஆயினும் குற்றச்சாட்டும் முழுமையானதன்று. ஆலாபனைக்கு ஒரு நிமிடமே உண்டு என்றறிந்த நல்ல பாடகர், ராகத்தின் உயிர்ப்பிடிகளை முதல் மூச்சிலேயே வைத்துக் காட்டினார். பழைய தட்டுகளைக் கேட்டுப் பழகியவர் அறிவர்: எடுத்த எடுப்பிலேயே தோடி தோடியாகவும் காம்போதி காம்போதியாகவும் நின்றுவிடும். கேடு விளைந்தது பாடியவர் பாலன்று. தட்டைக் கேட்டே பாட்டுக் கற்ற அடுத்த தலைமுறையின் பால். நிரவலும் விரிந்த சுரமும் நீங்கிய எலும்புக்கூட்டையே உருப்படியின் உடலென அவர்கள் நம்பினர். ஒரு பல்லவி, ஒரு அநுபல்லவி, அவசரமான ஒரு சரணம். தட்டு தீர்ந்துவிடும் என்ற அச்சம் தட்டில்லாத இடத்திலும் பாட்டைத் துரத்திற்று.

இக்கேடு இந்திய இசைக்கு மட்டும் நேர்ந்ததன்று என்பதை அறிய எட்வேர்ட் எல்காரின் வரலாற்றைப் பார்க்கலாம். இங்கிலாந்தின் தலைசிறந்த இசையாக்குநராகிய அவர் 1914 முதல் இக்கம்பனிக்காகத் தம் ஆக்கங்களைத் தாமே நெறிப்படுத்திப் பதிவு செய்தார். அவருடைய வயலின் கொன்செர்ட்டோ ஏறத்தாழ ஐம்பது நிமிடம் நீள்வது. 1916இல் மேரி ஹோல் என்பார் வயலின் வாசிக்க, அப்பேராக்கம் நான்கு தட்டுப் பக்கங்களுக்குள், ஏறக்குறையப் பதினைந்து நிமிடமாக வெட்டப்பட்டது. வெட்டியவர் வேறெவருமல்லர், ஆக்கியவரே. பெற்றவரே பிள்ளையின் கைகாலைத் தறித்தமை போன்றது இது. 1932இல் அதே எல்கார், பதினாறு வயதுச் சிறுவனாகிய யெஹுதி மெனுஹின் வாசிக்க, அதே ஆக்கத்தை ஒரு சுரமும் குறையாமற் பதிவு செய்தார். பல தட்டுகளைத் திருப்பித் திருப்பிப் போட்டுக் கேட்க வேண்டும். ஆயினும் முழுமை இருந்தது. 1916இற்கும் 1932இற்கும் இடையே நிகழ்ந்தது யாது என்பதே இத்தாபனத்தின் உண்மையான வரலாறு.

நிகழ்ந்தவை இரண்டு. ஒன்று கருவியில், மற்றது துணிவில். 1925இல் ஒலிவாங்கி வழியான மின்பதிவு நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னர்ப் பாடுவோர் புனலுக்குள் தலையை நீட்டிக் கத்த வேண்டும். மெல்லிய குரலுக்கு அங்கு இடமில்லை. உச்சத்திற் பாய்ந்து செல்லும் குரலுக்கே வாழ்வு. வீணையின் நுண்மையும் மிருதங்கத்தின் தொப்பியும் ஊசிக்கு எட்டவில்லை. நாடகமேடையில் ஒலிபெருக்கியின்றிப் பாடிப் பழகியோர் தட்டிலும் வெற்றி பெற்றமைக்கு இதுவும் ஒரு காரணம். மின்பதிவு வந்ததும் குரல் தணிந்து பேசலாயிற்று. அம்மாற்றம் நிகழ்ந்து கொண்டிருந்த 1926இல், மதுரையிலிருந்து வந்த பத்து வயதுச் சிறுமி ஒருத்தி, தாய் சண்முகவடிவு வீணை வாசிக்க, தன் முதல் தட்டை இக்கம்பனிக்குப் பாடினாள். அவளே எம். எஸ். சுப்புலட்சுமி. ஒலிவாங்கியை ஒரு பகையாகக் கருதாது வாத்தியமாகவே கருதிப் பாடும் தலைமுறைக்கு அவர் முதல்வரானார்.

மற்றது துணிவு. 1931இல், உலகெங்கும் வணிகம் வீழ்ந்து கிடந்த வேளையில், கம்பனியின் இளம் ஊழியர் வோல்ட்டர் லெக் ஒரு திட்டத்தை முன்வைத்தார். ஹ்யூகோ வொல்ஃபின் பாடல்களைப் பதிவு செய்தால் வாங்குவாரில்லை என்பது கம்பனியின் கவலை. முற்பணங் கட்டுவோர் ஐந்நூறு பேர் சேர்ந்தாற் பதிவு செய்யலாமே என்றார் லெக். சேர்ந்தனர். அம்முறையிலேயே ஆர்தர் ஷ்னாபெல் வாசித்த பீத்தோவனின் பியானோ சொனாட்டாக்கள் முழுவதும் 1932 முதலாகவும், பாப்லோ கசால்ஸ் வாசித்த பாக்கின் செலோத் தொகுதிகள் 1936 முதல் 1939 வரையிலும் பதிவு பெற்றன. தமிழ் படித்தவர்க்கு இம்முறை புதிதன்று. முன்கூட்டிக் கையொப்பம் பெற்று ஏட்டுச்சுவடியை அச்சேற்றிய பதிப்பாசிரியரின் வழியே இது. ஐயர் சிந்தாமணிக்குக் கையொப்பந் தேடி அலைந்ததும், லெக் வொல்ஃபுக்குக் கையொப்பந் தேடியதும் ஒரே அறத்தின் பாற்பட்டவை.

இங்கேதான் திறனாய்வாளன் இத்தாபனத்தைக் கண்டிக்க வேண்டும். இச்சங்கத் தொகுதிகள் ஐரோப்பிய இசைக்கே வகுக்கப்பட்டன. பீத்தோவனின் முப்பத்திரண்டு சொனாட்டாக்களும் முழுமையாக வேண்டும் என்று கருதிய கம்பனி, சென்னையிலும் தஞ்சையிலும் இருந்த பெருவித்துவான்களிடம் மூன்று நிமிடமே கேட்டது. கையொப்பமிட ஐந்நூறு இரசிகர் தமிழ் கூறும் நல்லுலகிற் கிடைத்திராரோ? சபைகள் நிறைந்திருந்த காலம் அது. கேட்டுப் பார்த்திருந்தாற் கிடைத்திருப்பர் என்றே கொள்ள வேண்டும். கருவி இடந்தரவில்லை என்ற சமாதானம் 1932இன் பின்னர் செல்லாது. பல தட்டுகளில் ஓராக்கத்தை முழுமையாகத் தரலாம் என்பதை எல்காரின் கொன்செர்ட்டோவே காட்டிவிட்டது. இந்தியக் கிளையின் பணி விற்பனை; இலண்டன் தலைமையின் பணி கலை என்ற பாகுபாடே அங்கு ஆட்சி செய்தது. வங்காளத்துக் கவிஞர் நஸ்ருல் இஸ்லாமை 1928 முதல் பாட்டெழுதவும் பயிற்றவும் அமர்த்திக் கொண்ட கல்கத்தாக் கிளைக்குச் சுவையறிவு இல்லை என்று கூற முடியாது. அறிவு இருந்தது, அதிகாரம் இல்லை.

வளர வளர இத்தாபனம் அஞ்சத் தொடங்கியது என்பதற்குப் பின்வரும் ஆண்டுகள் சான்று. 1931 நவம்பரில் அபே வீதிக் கலையகத்தை எல்கார் இசைக்குழுவை நடத்தித் திறந்து வைத்தார். அடுத்த மாதமே கம்பனியின் பொறியியலாளர் அலன் புளும்லைன் இருவழி ஒலிப்பதிவுக்கு உரிமை கோரினார். 1934இல் தோமஸ் பீச்சம் மொஸார்ட்டின் ஆக்கத்தை ஒத்திகை பார்த்தபோது அம்முறையிற் பதிவுஞ் செய்யப்பட்டது. ஆயினும் அது வெளிவரவில்லை. இருவழித் தட்டுகள் கடைக்கு வந்தது 1958இல். புளும்லைன் 1942இலேயே விமான விபத்தில் மாண்டிருந்தார். நீண்டநேரத் தட்டின் கதையும் அத்தகையது. அமெரிக்கக் கொலம்பியா 1948இல் அதனை வெளியிட்டது. இங்கிலாந்திற் போட்டிக் கம்பனியாகிய டெக்கா 1950இல் வெளியிட்டது. ஈ. எம். ஐ. 1952 ஒக்டோபர் வரை வாளாவிருந்தது. விடுதியறையில் நூறு பவுணுக்குத் துணிந்த கைஸ்பேர்க்கின் கம்பனி இதுவா என்று கேட்கத் தோன்றும். இந்தியாவிலோ பழைய அரக்குத் தட்டின் ஆயுள் மேலும் நீண்டது. பீட்டில்ஸ் குழுவினரின் பாட்டுகள் 1960களின் நடுவிலும் அங்கு எழுபத்தெட்டுச் சுற்றுத் தட்டாக வெளிவந்தன. இன்று அவற்றைச் சேகரிப்போர் பெரும் விலை கொடுத்துத் தேடுகின்றனர்.

அதே 1952ஆம் ஆண்டு இலங்கைக்கும் உரியது. இந்தியாவின் ஒலிபரப்பு அமைச்சர் கேஸ்கர் காலத்தில் அகில இந்திய வானொலி திரையிசையை ஒதுக்கியபோது, நேயர் கொழும்பை நோக்கித் தம் வானொலியைத் திருப்பினர். இலங்கை வானொலியின் நூலகத்தில் நிறைந்திருந்த தட்டுகளே அவ்வேளையிற் பாக்கு நீரிணையைக் கடந்து ஒலித்தன. டம்டம்மில் அழுத்திய தட்டு கொழும்பிலிருந்து இந்தியாவுக்குப் பாடியது. கல்கத்தாவிலிருந்து ஹனோவர் சென்று மீண்ட பழைய வட்டத்தின் இரண்டாஞ் சுற்று எனலாம். 1957இல் விவித் பாரதி தொடங்கப்பட்டதற்கு இவ்வலையே காரணம் என்பதை மறுப்பாரில்லை. நாட்டின் கொள்கையையே மாற்றவல்லது தட்டு என்பதை அன்று கண்டோம்.

நீண்டநேரத் தட்டு தமிழர் வாழ்விற் புகுந்த ஆண்டாக 1963ஐக் கொள்ளல் தகும். எம். எஸ். சுப்புலட்சுமி பாடிய வேங்கடேச சுப்ரபாதம் அவ்வாண்டில் வெளிவந்தது. பக்கத்திற்கு மூன்று நிமிடம் என்ற சிறையினுள் அத்தோத்திரம் முழுமையாக நுழைந்திருக்க முடியாது. கொலை செய்தது எனப் பழிக்கப்பட்ட தாபனமே, நீளமான ஓராக்கத்தைச் சிதையாமல் வீடுதோறும் கொண்டு சேர்த்தது. அதுமட்டுமன்று. வைகறையிற் கோயில் ஒலிபெருக்கியில் எழும் குரல் ஊர்தோறும் ஒரே குரலாயிற்று. இதனைப் பேறு என்பாருமுளர். பேறுதான், ஆயினும் ஊர்தோறும் வேறுவேறாக இருந்த மிடறுகள் அதன்பின் எத்தனை வாய்மூடின என்பதையும் எண்ண வேண்டும். திருப்பள்ளியெழுச்சியை ஓதுவார் ஓதிய சந்நிதியில் தட்டு ஓதத் தொடங்கிற்று. ஓதுவார்க்குத் தொண்டை கட்டும், தட்டுக்குக் கட்டாது. ஓதுவார்க்குப் படியளக்க வேண்டும், தட்டுக்கு வேண்டா. பண்ணைக் காத்த மிடற்றைத் தேடி எருக்கத்தம்புலியூர் சென்ற மரபு, மிடறு வேண்டா என்று கூறும் நிலைக்கு வந்தது.

எஞ்சிய ஆண்டுகளை விரைந்து கூறிவிடலாம். நாயின் படம் அமெரிக்காவில் ஒரு கம்பனிக்கும் யப்பானில் வேறொரு கம்பனிக்கும் உரியதாயிருந்தமையால், உலகமெங்கும் ஒரே இலச்சினையில் விற்க இயலாது போயிற்று. 1990இன் பின்னர் மேனாட்டுச் செவ்வியல் இசைத்தட்டுகளிலிருந்து அது விலக்கப்பட்டது. ஒலிநாடா வந்தபோது இந்தியக் கிளை மீண்டுந் தாமதித்தது. சிறு கம்பனிகள் மலிவு விலையிற் சந்தையைப் பிடித்துக் கொண்டன. 1980களின் நடுவில் அக்கிளை இந்தியர் கைக்கு மாறி, 2000இல் சரிகம எனப் பெயர் பெற்றது. இலண்டனிலோ 2012-13இல் ஈ. எம். ஐ. கூறுபோடப்பட்டுச் செவ்வியற் பதிவுகள் வார்னர் கம்பனியைச் சேர்ந்தன.

2017இற் சரிகம ஒரு சிறு பெட்டியைக் கடைக்குக் கொண்டு வந்தது. பழைய வானொலிப் பெட்டியின் வடிவம். உள்ளே ஐயாயிரம் பழைய பாட்டுகள். வாங்கியோரில் முதியோர் பலர். முதியோர்க்குப் பரிசாக வாங்கிக் கொடுத்தோர் அதனினும் பலர். தட்டும் இல்லை, ஊசியும் இல்லை. பெட்டியின் பொத்தானை அழுத்தியதும் மூன்று நிமிடப் பாட்டு ஒன்று தொடங்கி, மூன்று நிமிடத்தில் முடிகிறது.